வேலிப் பொட்டால் வந்த சமையல்

1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. சீனியும் மண்ணெண்ணெயும் அருமையாகின. இடைவேளையில் நாம் சாப்பாட்டுப் பெட்டிகளை மாற்றிக்கொண்டோம். வீட்டில் அம்மாமார் வேலிப் பொட்டால் மாற்றிக்கொண்டனர். ஒரு சுண்டு ஒடியல்மா போனால் முருங்கையிலையும் ஒரு யோசனையும் திரும்பி வரும்.

"மரவள்ளியை மூடாமல் அவியுங்கோ, அந்தத் தண்ணியை ஊத்திப்போடுங்கோ" என்பார் அயல்வீட்டு மாமி. அக்கிழங்கில் சயனைட் உருவாகும், அவித்த நீரோடும் ஆவியோடும் அது பெருமளவு வெளியேறும் என்று நான் படித்தது மருத்துவபீடத்தில்தான். மாமிக்கு யார் சொன்னார்களோ!

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. மாமியை வழியில் தவறவிட்டோம். அம்மாவின் பையில் ஒடியல்மா இருந்தது, உப்பில்லை. மறுநாள் கூழுக்கு உப்புத் தந்தவர் யாரென்று அம்மாவுக்கு இன்றும் தெரியாது.