வாசற்படியில் நின்ற எண்ணெய்

எண்ணெய் என்ற சொல்லுக்குள்ளேயே எள் இருக்கிறது. எள்ளின் நெய், எண்ணெய். பிறகு தேங்காய், கடலை, ஆமணக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பழனிக்குப் பக்கத்துத் தொப்பம்பட்டிக்காரனான எனக்கு அபிஷேகம் என்றதும் நினைவுக்கு வருவது மலைமேல் முருகனும் பஞ்சாமிர்தமும்தான். தமிழ்க் கிறிஸ்தவர்களும் இதே சொல்லைத்தான் தங்கள் வேதத்தில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கோயிலில் அபிஷேகம் சிலைக்கு நடக்கிறது, அவர்களிடம் மனிதருக்கு நடக்கிறது. எந்த மனிதருக்கு என்பதில்தான் இந்த மண்ணில் பெரிய சண்டையே நடந்தது.

யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் அபிஷேகத் தைலத்துக்குச் செய்முறையே உண்டு. வெள்ளைப்போளம், லவங்கப்பட்டை, வசம்பு, ஒலிவ எண்ணெய் என்று பட்டியல் நீள்கிறது. கூடாரத்துக்கும் பாத்திரங்களுக்கும் ஆரோனுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் மட்டுமே அதைப் பூசலாம். வெளியாள்மேல் பூசினால் பூசியவன் கூட்டத்தைவிட்டே நீக்கப்படுவான். எங்கள் சாஃப்ட்வேர் பாஷையில் இது ஆக்சஸ் கன்ட்ரோல், வேறொன்றும் இல்லை. பின்னால் சாமுவேல், சவுலின் தலையிலும் தாவீதின் தலையிலும் எண்ணெய் வார்த்து அரசராக்குகிறார். எண்ணெய் வார்க்கப்பட்டவர் என்பதற்கு எபிரேயத்தில் மாஷியாக், கிரேக்கத்தில் கிறிஸ்டோஸ். கிறிஸ்து என்பது குடும்பப் பெயர் இல்லை, அந்த எண்ணெயின் பெயர்.

கிறிஸ்தவம் செய்த பெரிய காரியம், இந்த வேலியைப் பிடுங்கியது. ஞானஸ்நானத்தில் கிறிஸ்மா என்ற வாசனைத் தைலம் ஒவ்வொரு தலையிலும் பூசப்படுகிறது. குரு, இறைவாக்கினர், அரசர் ஆகிய மூன்று தகுதியும் அதோடு வருகிறது. ஆரோன் வீட்டாருக்கு மட்டும் இருந்தது, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைத்தது. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது யாக்கோபின் கடிதம். குருக்கள் மட்டுமல்ல, எல்லாக் கிறிஸ்தவர்களும் தங்கள் தேவைக்கு அதைப் பூசலாம் என்று 416-இல் முதலாம் இன்னொசென்ட் பாப்பரசர் எழுதினார். இடைக்காலத்தில் அது குருக்களின் கைக்கு மட்டும் போனது, சாகக்கிடப்பவருக்கென்று சுருங்கியது. தமிழ்க் கத்தோலிக்கர் அதை அவஸ்தைபூசுதல் என்றார்கள். சாமியார் எண்ணெயோட வர்றாருன்னா கதை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

அந்தப் பழைய சடங்கில் பூச வேண்டிய இடங்கள் கண், காது, மூக்கு, வாய், கை, கால். ஜெபத்தைத் தூரத்தில் நின்று சொல்லலாம். தண்ணீரைக்கூட மேலிருந்து ஊற்றலாம். எண்ணெயைக் கட்டைவிரலால் தேய்த்தாக வேண்டும், காலையும் தொட்டாக வேண்டும்.

இந்தச் சடங்கு தமிழ்நாட்டுக்கு வந்தபோது என்ன ஆனது?

ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். மேல்சாதியினரை அடைய, காவி கட்டி, சந்நியாசியாக வாழ்ந்தார். பிறகு சேசு சபையில் இரண்டு வகைக் குருக்கள் உருவானார்கள். உயர்சாதியினருக்குச் சந்நியாசிகள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள். எனினும் பறையர் வீட்டுக்குள் குரு நுழைவதில்லை என்பது வழக்கமாகிவிட்டது. சாகக்கிடப்பவரை வெளியே, பொதுவான ஓரிடத்துக்குத் தூக்கி வரவேண்டும். எண்ணெய் வாசற்படி தாண்டாது, நோயாளிதான் தாண்ட வேண்டும்.

1704-இல் புதுச்சேரியில் இருந்த பாப்பரசரின் தூதர் தெ தூர்னோன் ஓர் ஆணை போட்டார். தாலி, தேங்காய் உடைத்தல், திருநீறு என்று பல வழக்கங்களை அது கட்டுப்படுத்தியது. அவற்றோடு, நோயுற்ற பறையர்களின் வீட்டுக்கே போய் அருட்சாதனங்களைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. மலபார் சடங்குச் சர்ச்சை என்று வரலாறு இதைச் சொல்கிறது. தாலியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், இந்த வாசற்படியைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

சேசு சபையாரின் பதிலை எளிதாகத் தள்ள முடியாது. அந்தக் குடிசைக்குள் போன குருவின் கையால் மற்ற சாதியார் எதையும் வாங்க மாட்டார்கள், மிஷனே கலைந்துவிடும் என்றார்கள். நடைமுறையில் அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்த நடைமுறைக்கு விலை கொடுத்தவர் யார்? கட்டிலோடு வெளியே தூக்கிவரப்பட்டவர்தான். கடைசியில் 1744-இல் 14-ஆம் பெனடிக்ட் பாப்பரசர் ஒரு சமரசத்தை ஏற்றார். பறையருக்கென்று தனி மிஷனரிகள் இருக்கலாம். எண்ணெய் வாசற்படி தாண்டியது, அதைக் கொண்டுபோகும் கை மட்டும் தனியாகப் பிரிந்தது. குருவை அனுப்பிவிட்டுச் சாதியை அப்படியே விட்டுவைத்த தீர்வு அது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் இந்தச் சடங்கைச் சாவுப் படுக்கையிலிருந்து மீட்டது. அவஸ்தைபூசுதல் நோயில்பூசுதல் ஆனது. இப்போது நெற்றியிலும் கைகளிலும் மட்டும் பூசுகிறார்கள். 1972-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் இன்னொரு கதவையும் திறந்தார். ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெய் போதும். அதாவது நம் ஊர்ச் செக்கில் ஆட்டிய எள்ளெண்ணெய்க்கும் வழி உண்டு. நூற்றாண்டுகளாக எந்த மரத்து எண்ணெய் என்பதில் பிடிவாதமாக இருந்த ரோமே இறங்கி வந்துவிட்டது. எண்ணெயின் சாதி முக்கியமில்லையாம்!

திண்டுக்கல் மறைமாவட்டம் திருச்சியிலிருந்து பிரிந்தது 2003-இல். எந்த மறைமாவட்டமானாலும் முறை ஒன்றுதான். புனித வாரத்தையொட்டி ஆயர் தன் பேராலயத்தில் மூன்று எண்ணெய்களை மந்திரிக்கிறார். ஞானஸ்நானம் பெறப்போகிறவர்களுக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, கிறிஸ்மா ஒன்று. அங்கிருந்து ஊர் ஊராகப் பங்குகளுக்குச் சின்னச் சீசாக்களில் போகிறது. எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே குடத்து எண்ணெய்.

அந்த எண்ணெய் பூசப்பட்ட உடலைப் புதைக்கும்போது மட்டும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இரண்டு கல்லறைத்தோட்டம் வேண்டியிருக்கிறது. தலித் கிறிஸ்தவர்களுக்குத் தீண்டாமை தொடர்கிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் தன் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. தெ தூர்னோன் குருவைத்தான் வீட்டுக்குள் போகச் சொன்னார். பக்கத்துத் தெருக்காரரைப் போகச் சொல்ல எந்த ஆணையும் வரவில்லை. அதற்கு ஆணை தேவையும் இல்லை. அவர் தலையிலும் அதே குடத்து எண்ணெய்தானே பூசியிருக்கிறது.