யூபிஐயும் மின்பணப்பையும்

கைப்பேசியில் பணம் செலுத்துகிறோம் என்றால் பணம் கைப்பேசிக்குள் இருப்பதாகவே பலர் எண்ணுகிறார்கள். மின்பணப்பைக்கு அது ஓரளவு பொருந்தும். முன்கூட்டியே தொகையை ஏற்றி, அதிலிருந்து செலவழிக்கிறோம். இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016இல் கொண்டுவந்த யூபிஐ வேறு வகை. செலுத்தும் நொடிவரை பணம் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. பெட்டிக்கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையில் உள்ளது கடைக்காரரின் யூபிஐ முகவரி. அதை ஸ்கேன் செய்து, தொகையிட்டு, ரகசிய எண்ணை அழுத்தியதும் செய்தி கழகத்தின் வழியே இரு வங்கிகளுக்கும் போகிறது. ஒன்று கழிக்கிறது, மற்றது வரவு வைக்கிறது. உடனே கடையிலுள்ள சிறிய ஒலிபெருக்கி தொகையை உரக்கச் சொல்கிறது. செயலி வெறும் வாசல்தான். எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் அனுப்பலாம் என்ற இந்தப் பொதுத்தன்மையே யூபிஐயின் வெற்றிக்கு முதற்காரணம்.

2016 நவம்பரின் பணமதிப்பிழப்புதான் காரணம் என்று வாதிடுவோர் உண்டு. அது தூண்டியது உண்மை. ஆனால் அப்போது முந்திக்கொண்டவை மின்பணப்பைகளே. ஒரு நிறுவனத்தின் பையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப முடியாததால் அவை பின்தங்கின. 2020 முதல் யூபிஐக்கு வணிகரிடம் கட்டணம் பெறக்கூடாது என்றானதும் சிறு கடைகளுக்குத் தயக்கம் குறைந்தது. மோசடி பெருகுகிறதே என்ற கவலையும் நியாயமானது. ஏமாற்றுவோர் பெரும்பாலும் கட்டமைப்பை உடைப்பதில்லை, மனிதரின் நம்பிக்கையைத்தான் உடைக்கிறார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.