மலையேறிய அரிசியும் மலையிறங்கிய ஏலமும்

ஜப்பான் நாட்டின் யோக்கோஹாமா நகரில், நிலத்திற்கடியில் ஒரு தெரு இருக்கிறது. அத்தெருவின் மேலே தீட்டப்பட்ட வானத்தில் என்றும் அந்திப்பொழுதே. வெளியே பெருமழை பெய்யினும் அங்குச் சொட்டு நீரும் விழுவதில்லை. மழை நாளில் நண்பர்கள் கூடிச் சென்று பொழுது போக்குதற்கு அதனினும் ஏற்ற இடம் அந்நகரில் இல்லை எனலாம். 1994-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ராமன் அருங்காட்சியகம் அது. இராமபிரானுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோதுமை மாவை நூலாக இழுத்துச் சாற்றிலிட்டு உண்ணும் உணவுக்கு அந்நாட்டில் 'ராமன்' என்று பெயர். விளம்பரப் பலகைகள், தெருவிளக்குகள், சந்துகள் யாவும் 1958-ஆம் ஆண்டின் தோற்றத்தில் அங்கு அமைக்கப்பட்டுள்ளன.

ஏன் அந்த ஆண்டு? அவ்வாண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், தைவானிற் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த மொமொஃபுக்கு ஆண்டோ என்பவர், வெந்நீர் ஊற்றியவுடன் உண்ணத்தக்க நூலுணவை விற்பனைக்குக் கொணர்ந்தார். இகெதா என்னும் ஊரில் தம் வீட்டுப் பின்புறத்திலிருந்த சிறு குடிசையில் அவர் அதனை ஆக்கிக் கண்டார். அக்குடிசையின் மாதிரியைக் காட்டும் மற்றோர் அருங்காட்சியகம் அவ்வூரிலேயே 1999-இல் எழுந்தது. இம்முயற்சிக்கு வித்தாக அவர் சொல்லிவந்தது ஒரு காட்சியை. போர் முடிந்த பின் ஓசாக்கா நகரின் இடிபாடுகளுக்கிடையே, ஒரு கிண்ணச் சாற்றுணவுக்காகக் குளிரில் நீண்ட வரிசையில் மக்கள் நின்றனர். கொரியாவும் தைவானும் கைவிட்டுப் போகவே அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது; 1945-இன் விளைச்சலும் பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையே அம்மக்களின் பசி தீர்த்தது. இன்று அத்தெருவில் சிரித்துப் பேசி உண்போர் உண்பது ஒரு பசியின் நினைவையே. பசியை இன்பமாக்கிக் காட்சிக்கு வைக்கும் இக்கலையில் ஜப்பானியர் கைதேர்ந்தவர்.

அந்நாட்டுக்கு நம் மணப்பொருள்களின் சுவையைக் கொண்டு சேர்த்த கதையிலும் அரசியலும் துயரமும் உண்டு. வெள்ளையர் ஆட்சியினின்று தப்பி 1915-இல் தோக்கியோ சென்ற வங்கப் புரட்சியாளர் ராஷ் பிகாரி போசுக்கு, நாக்கமுராயா என்னும் உணவுக்கடையை நடத்திய குடும்பத்தார் புகலிடம் தந்தனர். அவ்வீட்டு மகள் தோஷிக்கோவை அவர் மணந்தார். 1925-இல் அவ்வம்மையார் இறந்தார். 1927-இல் அக்கடையில் இந்திய முறைக் குழம்பு பரிமாறப்பட்டது. திருவாங்கூரினின்று சென்ற ஏ.எம். நாயர் 1949-இல் கின்சா பகுதியில் தொடங்கிய உணவகமும் பெயர்பெற்றது. ஆங்கிலேயர் வழியாக முன்னரே அங்குப் பரவியிருந்த மஞ்சட்குழம்பு தம் நாட்டு உணவன்று எனக் காட்டுதல் போசுக்கு ஒரு விடுதலைப் பணியாகவே தோன்றியிருக்க வேண்டும்.

இனி, அதே போரின் மறுபக்கத்துக்கு வருவோம். 1942 மார்ச்சு மாதத்தில் ஜப்பானியப் படை ரங்கூனைக் கைப்பற்றியது. பர்மா அரிசி நின்றது. வங்கத்தில் 1943-இல் நேர்ந்த கொடும் பஞ்சம் யாவரும் அறிந்தது. தன் உணவுத் தேவைக்கு இறக்குமதி அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவாங்கூரின் துயரம் அத்துணை பேசப்படவில்லை. சேர்த்தலைப் பகுதியில் பட்டினியும் நோயும் உயிர்களைக் கொண்டு சென்றன. மரவள்ளிக் கிழங்கே பலர்க்குச் சோறாயிற்று. உணவுப் பயிரைப் பெருக்கும் பொருட்டு அவ்வரசு மலைக்காடுகளைக் குத்தகைக்குத் திறந்துவிட்டது. அக்காடுகளுள் ஏலமலையும் ஒன்று. தொலைவில் இரங்கூன் வீழ்ந்தமையால் போடிநாயக்கனூருக்கு மேலே மரங்கள் சாய்ந்தன என்று கூறின் அது மிகையன்று.

ஏலச்செடி நிழலில் வாழ்வது. மரம் சாய்ந்த இடத்தில் அது நில்லாது. ஏறத்தாழ அறுநூறு முதல் ஆயிரத்து இருநூறு மீட்டர் வரையான உயரம், ஓயாத ஈரம், உயர்ந்த மரங்களின் சல்லடை நிழல் ஆகிய மூன்றும் கூடிய இடமே அதற்கு இல்லம். தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் புறத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, கிழக்குப் புறமாகிய போடிக்குச் சாரலையும் காற்றையுமே அனுப்புகிறது. மேலே நனைந்த மலை. கீழே உலர்ந்த ஊர். மலையில் நெல் இல்லை. ஊரில் ஏலம் இல்லை. 1895-இல் பெரியாற்று அணை நீர் கம்பம் பள்ளத்தாக்கில் பாயத் தொடங்கியபின் கீழே நெல் மேலும் பெருகியது. அரிசி மலையேற, ஏலம் மலையிறங்க, இவ்விரண்டுக்கும் நடுவில் ஊர் வளர்ந்தது. போடியின் வரலாற்றை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

ஏலம் தமிழர்க்குப் புதிதன்று. கணிமேதாவியார் தம் அறநூலுக்கு 'ஏலாதி' என்றே பெயரிட்டார். ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று கூட்டிய மருந்தின் பெயர் அது. மிகக் குறைந்த பங்குடைய பொருளே முழு மருந்துக்கும் நூலுக்கும் பெயராயிற்று என்பது பாவலர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. எடையால் அன்றி மணத்தால் முதலிடம் பெறுவது கவிதைக்கும் உரிய இயல்பன்றோ!

மற்றுமோர் ஏலம் உண்டு. கூவி விலை ஏற்றி விற்கும் ஏலம் போர்ச்சுகீசியச் சொல்லொன்றின் திரிபு. காய்க்குப் பெயராகிய ஏலமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. பிறப்பால் ஒட்டுறவில்லாத இவ்விரு சொற்களும் ஒலியால் ஒன்றாகி, 'ஏலக்காய் ஏலம்' என ஒரே தொடரில் அன்றாடம் வழங்கும் ஊர் போடிநாயக்கனூர். 2007 முதல் அங்கு ஏலம் மின்னணுத் திரையில் நடைபெறுகிறது; கூவுதல் ஒழிந்தது, சொல் மட்டும் நின்றது.

பழங்காலத்தில் ஏலமலையின் விளைவு முழுவதும் திருவாங்கூர் அரசின் தனியுரிமையாக இருந்தது. விளைவித்தவர் காயை அரசிடமே ஒப்படைத்தாக வேண்டும். 1896-இல் இம்முறை ஒழிந்து நிலவரி வந்தது. பயிரிட்டோரில் மதுரைச் சீமையிலிருந்து மலையேறிய தமிழர் பலர். ஏலமலையின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ 1877-இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைப் பெற்றதும், பின்னர் அங்குத் தேயிலை ஓங்கியதும் தனிக்கதை. அக்கதையில் போடிக்கு உரிய பங்கு ஒன்றைமட்டும் இங்குச் சொல்லுதல் வேண்டும்.

மூணாற்றுத் தேயிலை கடலை அடைந்தது மலையாளக் கரை வழியாக அன்று, போடி வழியாகவே. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே முதலில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளமும், 1908-இல் சிறுரயில் பாதையும் அமைந்தன. அப்பாதை முடிந்த மலைமுகடு இன்றும் 'டாப் ஸ்டேஷன்' எனப்படுகிறது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சரிந்து கொட்டகுடியை அடைந்தன. பின் வண்டிமாடுகள் அவற்றைப் போடிக்கு இழுத்தன. அங்கிருந்து தூத்துக்குடி, அப்பால் இலண்டன். 1924 ஜூலையில் பெய்த பெருமழை அச்சிறுரயிலை ஒரேயடியாகத் துடைத்தெறிந்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் நேர்ந்ததால் மலையாளிகள் அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பர். அப்பாதை மீண்டும் போடப்படவேயில்லை.

மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல்தான். அந்தத் தண்டவாளமும் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அது பெயர்த்தெடுக்கப்பட்டது. 1950-களில்தான் மீண்டும் இடப்பட்டது. ஒரே போர் ஓர் ஊரினின்று அரிசியையும் இருப்புப்பாதையையும் பறித்தது. அதே ஆண்டுகளில், மலேயாத் தோட்டங்களினின்று கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் ஜப்பானியர்க்காகச் சயாம் காட்டில் தண்டவாளம் இட்டுப் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். இங்கே பெயர்க்கப்பட்ட இரும்பையும் அங்கே இடப்பட்ட இரும்பையும் அருகருகே வைத்துப் பாடிய புலவர் எவரேனும் உளரா?

போருக்குப் பிறகும் மலையில் குடியேற்றம் நிற்கவில்லை. 1955-இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசே மலைக்குடியேற்றத் திட்டம் வகுத்துக் குடும்பங்களைக் கொணர்ந்து அமர்த்தியது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற கிளர்ச்சி 1954-இல் உயிர்ப்பலி கண்டது. 1956-இல் அவை கேரளத்தோடே நின்றன. எல்லை முகட்டில் விழுந்தது. அரிசி மாநிலம் விட்டு மாநிலம் செல்லத் தடையிருந்த ஆண்டுகளில், தலைமுறை தலைமுறையாக மலையேறிய அதே அரிசி போடிமெட்டுச் சாவடியில் கடத்தற்பொருளாயிற்று. வரலாற்றின் எள்ளல் இதனினும் கூர்மையாக அமைதல் அரிது.

தமிழ்நாட்டிலும் உணவுக்கு ஓர் அருங்காட்சியகம் உண்டு. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நாடு எதிர்நோக்கியிருந்த காலம் அது. அந்நினைவைப் போற்றி, 2021 நவம்பரில் அதே ஊரில், பெங்களூர் விசுவேசுவரையா அருங்காட்சியகத்தின் துணையோடு உணவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வேட்டையாடி உண்ட மனிதன் முதல் நியாயவிலைக் கடை வரை, தானியம் விளைந்து, சேமிக்கப்பட்டு, வீடு சேரும் வரலாற்றை அது காட்டுகிறது. குதிரும் தொம்பையும் பத்தாயமும் சொற்களாக மட்டும் எஞ்சிவரும் இந்நாளில் அம்முயற்சி பாராட்டுக்குரியது. எனினும் அது தானியத்தின் வீடு. சேமித்த மூட்டையின் வரலாறு. தலைச்சுமையாக மலையேறிய மூட்டைக்கும் அதனைச் சுமந்த கழுத்துக்கும் வேறோர் இடம் வேண்டும். அந்த இடம் போடியாகத்தான் இருக்க முடியும்.

அங்கு வைப்பதற்கு என்ன உண்டு? ஏலப்பூவும் காயும் செடியின் உச்சியில் தோன்றுவதில்லை. அடித்தூரிலிருந்து கிளைத்துத் தரையோடு படரும் சரங்களில் தோன்றுகின்றன. ஆதலால் காயெடுப்போர் நிமிர்ந்து நிற்க வழியில்லை. ஆடி, ஆவணி தொடங்கித் தை, மாசி வரை, மாதத்துக்கு ஒரு முறையோ நாற்பது நாளுக்கு ஒரு முறையோ, மழையிலும் அட்டைக்கடியிலும் குந்தியமர்ந்து, பழுத்த காயை மட்டும் தெரிந்து எடுப்பவர் பெரும்பாலும் பெண்களே. ஐந்து கிலோ பச்சைக்காய், புகைக்கூடத்தின் மிதமான சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் உலர்ந்து, ஒரு கிலோ ஆகிறது. சூடு மிகுந்தால் பச்சை நிறம் போகும். குறைந்தால் பூசணம் பற்றும். அந்த அளவை நெடுங்காலம் கைகளே அறிந்திருந்தன. மலையிறங்கிய காயைச் சல்லடையிட்டு, எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் எனப் பருமனால் பிரித்து, வெடித்ததையும் வெளுத்ததையும் கண்ணால் பொறுக்கி எடுப்போரும் பெண்களே. குவாத்தமாலா நாட்டில் முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி நடப்பட்ட ஏலம், 1980-களில் இந்திய விளைச்சலை விஞ்சி அரபு நாட்டுக் காப்பிக் குவளையைப் பிடித்துக்கொண்டபோதும், போடியின் பெயர் கெடாமல் நின்றதற்கு அந்தக் கண்களும் ஒரு காரணம். அப்பெண்களின் பெயர்கள் எந்தக் கணக்கேட்டிலும் ஒரு நாட்கூலியின் எதிரில் மட்டுமே இருக்கும்.

இவற்றுள் எதுவும் அழிந்தொழிந்த பழம்பொருள் அன்று. அதுவே இவ்வூரின் சிறப்பும் சிக்கலும். ஜப்பானியர் முடிந்துபோன ஒரு காலத்தை மீண்டும் அமைத்தனர். இங்கோ காலம் முடியவில்லை. ஆதலின் எவரும் அதனைக் காப்பதற்கு உரியதாகக் கருதவில்லை. கம்பிவடம் தாங்கிய நிலையங்களின் எச்சங்களைப் புல்லும் புதரும் மூடுகின்றன. மலைக்கு நடந்தே ஏறிய முதியோர், தாம் நடந்த தடங்களின் பெயர்களோடு ஒவ்வொருவராக மறைகின்றனர். மலையடிவாரத்துப் பொட்டிபுரம் நாளிதழ்களில் இடம்பெற்றதும் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால்தான். அவ்வூர் மக்கள் எதனை விளைத்து எதனை உண்டனர் என்பதற்காக அன்று.

2011 டிசம்பரில் பெரியாற்று அணைப் பூசல் முற்றியபோது, மேலே வேலைக்குச் சென்ற தமிழ்ப் பெண்கள் அஞ்சி இறங்கிவர நேர்ந்தது. 2020-இல் பெருந்தொற்றால் போடிமெட்டு அடைபட்டபோது, எடுப்பாரின்றித் தோட்டங்கள் தவித்தன. இரண்டு முறையும், தடை நீங்கியவுடன் அவர்கள் மீண்டும் ஏறினர். 2023 ஜூன் 15 முதல் போடிக்கு அகலப்பாதை ரயில் வருகிறது. அது வரும் முன்பே, விடியல் இருட்டில், சாரல் விழும் தெருமுனைகளில் ஜீப்புகள் காத்து நிற்கின்றன. நெருக்கியடித்து ஏறும் பெண்கள் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தூக்குவாளி. உள்ளே அன்று நண்பகலுக்குரிய சோறு.