கார்டிசெப்ஸ்: புழுவில் முளைக்கும் மருந்துக் காளான்

கார்டிசெப்ஸ் என்று குப்பியில் வரும் மாத்திரைக்கும் இமயமலைப் புல்வெளியில் முளைக்கும் காளானுக்கும் பல நேரம் பெயர்ப் பொருத்தம் மட்டுமே உண்டு.

அசல் சரக்கு 3,000 முதல் 5,000 மீட்டர் உயரத்தில், திபெத், நேபாளம், பூட்டான், உத்தராகண்ட், சிக்கிம் பகுதிகளில் கிடைக்கிறது. மண்ணுக்கடியில் வேரைத் தின்று வாழும் ஓர் அந்துப்பூச்சிப் புழுவை இந்தப் பூஞ்சை பற்றிக்கொள்கிறது. உள்ளிருப்பதையெல்லாம் தின்று தீர்த்து, தோலை மட்டும் விட்டுவைக்கிறது. பனி உருகியதும் புழுவின் தலையிலிருந்து தீக்குச்சியளவு பழுப்புத் தண்டு ஒன்று மண்ணுக்கு மேலே எட்டிப்பார்க்கும். மே, ஜூன் மாதங்களில் மலைவாசிகள் குடும்பத்தோடு ஏறிவந்து, புல்லில் தவழ்ந்தபடி அதைத் தேடுவார்கள். தண்டு முறிந்தால் விலை குறைந்துவிடும். எனவே சுற்றிலும் மண்ணைப் பெயர்த்துப் புழுவோடு சேர்த்தே எடுப்பார்கள். உத்தராகண்டின் பித்தோராகட் பக்கம் இதற்குக் 'கீடா ஜடி' என்று பெயர்.

15-ஆம் நூற்றாண்டுத் திபெத்திய மருத்துவர் நியாம்னி தோர்ஜே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சீன மருத்துவ நூலில் இது இடம்பெற்றது 1694-இல். 1843-இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் பெர்க்லி இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பெயர் பிறகு இருமுறை மாறி, 2007 முதல் ஓஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ்.

உலகச் சந்தையைத் திறந்துவிட்டது மருத்துவம் அல்ல, ஓட்டப்பந்தயம். 1993 செப்டம்பரில் பெய்ஜிங்கில் சீன வீராங்கனை வாங் ஜூன்ஷியா 10,000 மீட்டரை 29 நிமிடம் 31.78 விநாடியில் ஓடி, பழைய உலக சாதனையை 42 விநாடி முந்தினார். கடும் பயிற்சியோடு இந்தக் காளானும் ஆமை ரத்தமும்தான் காரணம் என்றார் பயிற்சியாளர் மா ஜூன்ரென். தடைசெய்யப்பட்ட மருந்துகளைத் அவர் தங்கள்மேல் திணித்ததாக அவரிடம் பயின்ற வீராங்கனைகள் 1995-இல் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் 2016-இல்தான் வெளிவந்தது. அதற்குள் மாத்திரை வியாபாரம் சூடுபிடித்துவிட்டது. போதாக்குறைக்கு, துணை உணவுகளை அரசின் முன் அனுமதியின்றி விற்க 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவில் வழிவிட்டது.

காட்டுக் காளானின் விலைக்கு மாத்திரை கட்டுப்படியாகாது. ஆகவே அரிசியில் வளர்க்கும் ஆரஞ்சு நிற மிலிட்டாரிஸ் என்ற வேறு இனமோ, தொட்டியில் வளர்த்த பூஞ்சை இழையோதான் குப்பிக்குள் போகிறது. மிலிட்டாரிஸில் 1950-இல் பிரித்தெடுக்கப்பட்ட கார்டிசெபின் உண்டு; ஆய்வகச் சோதனைகளில் அது நம்பிக்கை தந்தாலும், மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அசலும் முழு வரம் அல்ல. 2016-இல் சீன அரசு சோதித்த தயாரிப்புகளில் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் ஆர்சனிக் இருந்தது. அனுமதித்த வரம்பு 1 மில்லிகிராம்.

அளவின்றிப் பறித்ததால் 2020-இல் இந்தக் காளான் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. வாங்குபவர் லேபிளில் இனத்தின் பெயரைப் பார்க்கட்டும்; சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.