பெல்லட் கொதிகலன்: எண்ணெய்க்கு மாற்றாக வந்த வீட்டு வெப்பமூட்டல்

பெல்லட் கொதிகலன் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரித்து நீரைச் சூடாக்கி, அந்நீரைக் குழாய்கள் வழியே வீட்டின் அறைகளுக்கு அனுப்பும் சாதனம் ஆகும். ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவீடன் போன்ற குளிர் நாடுகளில் இது பரவலாக உள்ளது. அந்நாடுகளில் வீட்டைச் சூடாக வைத்திருப்பது வெறும் வசதி அன்று, உயிர்த்தேவை. ஒருமுறை பொருத்திய கொதிகலனுடன் ஒரு குடும்பம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கும். அதனால் எந்த எரிபொருளை நம்புவது என்ற கேள்வி அங்கே எப்போதும் கனமானதாகவே இருந்துவந்துள்ளது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஐரோப்பிய வீடுகளில் விறகையும் நிலக்கரியையும் எண்ணெய் விரட்டியது. நிலவறையில் ஒரு தொட்டி, ஆண்டுக்கு ஒருமுறை லாரி, சுவரில் ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. விறகு பிளக்கவோ சாம்பல் அள்ளவோ வேண்டியதில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது இந்த வசதியின் விலை தெரிந்தது. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. மரம் மிகுந்த நாடுகள் மீண்டும் காட்டைத் திரும்பிப் பார்த்தன. ஆனால் எண்ணெயின் சுகத்துக்குப் பழகியவர்கள் விறகுக் கட்டைக்குத் திரும்ப விரும்பவில்லை. எண்ணெயைப் போலத் தானாகவே அடுப்புக்குள் செல்லும் மரம் தேவைப்பட்டது.

அதற்கான இயந்திரம் ஏற்கெனவே இருந்தது. கால்நடைத் தீவனத்தைக் குருணையாக்கும் ஆலைகளில் துளையிட்ட எஃகு அச்சு வழியாகத் தீவனத்தை அழுத்தித் தள்ளுவார்கள். மாட்டுத் தீவன மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் பழக்கமானது. மரத்தூளை உலர்த்தி அதே முறையில் அழுத்தினால், உராய்வு வெப்பத்தில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, ஆறியதும் துகள்களைப் பிணைத்துவிடுகிறது. தனியாகப் பசை கட்டாயமில்லை. அமெரிக்காவில் ருடால்ஃப் கன்னர்மன் 1977இல் இத்தகைய எரிபொருள் உருளைகளுக்குக் காப்புரிமை பெற்றார். 1980களில் அந்நாட்டின் வடமேற்குப் பகுதியில் வீட்டு அறைகளுக்கான பெல்லட் அடுப்புகள் விற்பனைக்கு வந்தன. சுவீடனின் மோரா நகரில் 1982இல் தொடங்கிய பெல்லட் ஆலை 1986இல் மூடப்பட்டது. எண்ணெய் விலை சரிந்ததும் அதே ஆண்டில்தான்.

சுவீடனில் இத்தொழிலுக்கு மறுவாழ்வு தந்தது ஒரு வரி. 1991இல் அந்நாடு கார்பன் வரியைக் கொண்டுவர, வீட்டு எண்ணெயின் விலை கூடியது. முதலில் நகர வெப்ப நிலையங்கள் பெல்லட்டுக்கு மாறின, பிறகு வீடுகள். பல சுவீடன் குடும்பங்கள் பழைய கொதிகலனை வைத்துக்கொண்டு எரிப்பானை மட்டும் மாற்றின. செலவு குறைந்த வழி அது.

ஆஸ்திரியா வேறு வழியில் சென்றது. நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதி காடாக உள்ள அந்நாடு, 1978இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, கட்டி முடித்த ஸ்வென்டென்டார்ஃப் அணுமின் நிலையத்தையே இயக்காமல் விட்ட நாடு. 1990களில் அங்குள்ள நிறுவனங்கள் கொதிகலனை முதலிலிருந்தே பெல்லட்டுக்காக வடிவமைத்தன. கிடங்கிலிருந்து திருகுத் தண்டு அல்லது உறிஞ்சு குழாய் பெல்லட்டைக் கொண்டுவரும். சூடான காற்று அதைப் பற்றவைக்கும். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்டா உணரி காற்றின் அளவைத் திருத்திக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரருக்கு மிஞ்சிய வேலை சாம்பல் பெட்டியைக் காலி செய்வதுதான். எண்ணெய்க் கொதிகலனின் உண்மையான மாற்று இதுவே என்பது என் கருத்து. சுவீடனின் எரிப்பான் மாற்றம் ஓர் இடைக்கால ஏற்பாடு.

கொதிகலனைவிடப் பெரிய சிக்கல் எரிபொருளின் தரம். ஈரமும் தூளும் மிகுந்த பெல்லட் திருகுத் தண்டை அடைக்கும். சாம்பல் உருகிக் கட்டியாகும். 1990களில் ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் தேசியத் தரங்களை வகுத்தன. இன்று ஐரோப்பாவில் வழங்கும் ஈஎன்பிளஸ் சான்றின் ஏ1 வகுப்பில் ஈரம் 10 விழுக்காட்டுக்கும் சாம்பல் 0.7 விழுக்காட்டுக்கும் மிகக் கூடாது. வீடுகளுக்கான பெல்லட் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. இரண்டு கிலோ பெல்லட் ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சமம்.

இதிலிருந்தே இடக் கணக்கும் வருகிறது. ஆண்டுக்கு 20,000 கிலோவாட் மணி வெப்பம் வேண்டிய வீட்டுக்கு நான்கு டன்னுக்குச் சற்று மேல் பெல்லட் தேவை. ஒரு கன மீட்டரில் சுமார் 650 கிலோ அடங்கும் என்றால், ஏழு கன மீட்டர் வரை காலியிடம் வேண்டும். பழைய எண்ணெய்த் தொட்டி இருந்த நிலவறை அறை பெரும்பாலும் இதற்குப் போதுமானதாக இருந்தது. அந்த அறை உலர்ந்து இருக்க வேண்டும். நனைந்த பெல்லட் உப்பி மறுபடியும் வெறும் மரத்தூளாகிவிடும்.

2006இல் முதல் அடி விழுந்தது. கடுங்குளிர், வேகமாகக் கூடிய கொதிகலன்கள், போதாத ஆலைகள் எல்லாம் சேர்ந்து ஆஸ்திரியாவில் பெல்லட் விலை கடுமையாக உயர்ந்தது. எண்ணெய்ச் சந்தையிலிருந்து தப்பிக்க மாறியவர்கள் இன்னொரு சந்தையிடம் சிக்கியதாக உணர்ந்தனர். அவ்வாண்டு சுமார் 10,000 ஆக இருந்த புதிய கொதிகலன்களின் எண்ணிக்கை 2007இல் பாதிக்கும் கீழே போனது. இத்தனைக்கும் 2007இல் விலை இறங்கிவிட்டது. போன நம்பிக்கை அவ்வளவு விரைவில் திரும்பவில்லை.

அதே 2006இல் இன்னொரு ஆபத்தும் வெளிப்பட்டது. நவம்பரில் சுவீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில் பெல்லட் ஏற்றிவந்த சாகா ஸ்ப்ரே கப்பலில் ஒருவர் இறந்தார். தீயோ புகையோ இல்லை. மரத்திலுள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு வினைபுரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. மூடிய இடத்தில் ஆக்சிஜனும் குறைகிறது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இது கப்பல்களின் பிரச்சினை என்று விட்டுவிட முடியவில்லை. 2010, 2011 ஆண்டுகளில் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் கட்டடங்களுக்கு வெப்பம் தரும் பெல்லட் கிடங்குகளுக்குள் நுழைந்தவர்கள் உயிரிழந்தனர். அதன் பின்னரே நிரப்பு குழாய்களுக்குக் காற்றோட்டத் துளையுள்ள மூடிகள், கிடங்கின் கதவில் எச்சரிக்கைப் பலகை, நுழையும் முன் காற்றாடவிடுதல் ஆகியவை வழக்கமாயின. புதிதாக நிரப்பிய பெல்லட்டிலிருந்துதான் வாயு அதிகம் வெளியாகும் என்பதால் முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை.

2020 முதல் ஆஸ்திரியாவில் புதிய வீடுகளில் எண்ணெய்க் கொதிகலன் பொருத்தத் தடை உள்ளது. 2022இல் உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறியபோது பெல்லட் கொதிகலனுக்கு வரிசை நீண்டது. அவ்வாண்டு ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மரப்பொருள்களுக்கும் தடை விதித்தது. பெல்லட் விலை ஓராண்டுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் போய், பிறகு இறங்கியது. 2023இல் கொதிகலன் விற்பனை மீண்டும் சரிந்தது. வெப்ப எக்கி என்ற போட்டியாளர் அதற்குள் பல வீடுகளின் வாசலுக்கு வந்திருந்தது.