இத்தாலிய எஞ்சின்களின் தலையும் எங்கள் மலைப்பாதையும்

மோட்டார் எஞ்சினின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பந்தயத் திடலில் நின்றே அதனை நோக்கினர். அங்கிருந்து பார்த்தால், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ‘ஹெட்’ எனும் பாகத்தின் வரலாறு ஒரே திசையில் ஏறும் படிக்கட்டாகவே தோன்றும். கொஸ்லந்தையிலிருந்து பூனாகலைக்கு ஏறும் பாதையில் வளர்ந்த எனக்கு அது முழுதும் உடன்பாடன்று.

1937இல் பியற் நிறுவனம் வெளியிட்ட 1,089 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் வால்வுகள் அலுமினிய ஹெட்டில் இருந்தன; அவற்றை இயக்கும் கேம் தண்டோ கீழே இரும்புப் பிளாக்கினுள் கிடந்தது. இரண்டையும் இணைத்தவை தள்ளுதண்டுகள். இதனைப் பழமை என்பார் உளர். காரணமும் உண்டு. லான்சியா 1922இலேயே தன் லம்டா காரில் கேம் தண்டை மேலேற்றி, குறுங்கோணத்தில் அமைந்த நான்கு சிலிண்டர்களையும் ஒரே ஹெட்டால் மூடியிருந்தது. 1954இல் வந்த அல்ஃபா ரோமியோ ஜூலியெட்டாவின் ஹெட்டில் கேம் தண்டுகள் இரண்டு. உள்ளிழு வால்வும் வெளியேற்று வால்வும் எதிரெதிரே சாய்ந்து நிற்க, காற்றின் பாய்ச்சல் இலகுவாயிற்று. தள்ளுதண்டின் பளு நீங்கியதால் மிகுந்த சுழற்சியிலும் வால்வு பிந்தவில்லை.

பெராரியிலிருந்து பியற்றுக்கு வந்த அவுரேலியோ லம்பிரெடி இவ்வமைப்பைப் பல்பட்டியால் இயங்கச் செய்து 1966இல் 124 ஸ்போர்ட் காருக்கு வழங்கினார். 1969இல் பழைய 1100க்குப் பதிலாக வந்த 128இலும் அவருடைய ஒற்றைக் கேம் ஹெட்டே இருந்தது. 1970களில் உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் இலங்கையிலும் பியற் கார்களைப் பொருத்தி விற்றது.

என் தாத்தா வாடகைக்கு ஓட்டியது 1100. நோயாளரைப் பண்டாரவளைக்குக் கொண்டுசெல்வதே அதன் முதன்மைப் பணி. நால்வர் ஏறினால் இருவர் இறங்கி நடக்கவேண்டிய வளைவுகளும் இருந்தனவாம்! நீண்ட ஏற்றத்தில் நீர் கொதிக்கும். அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் ஹெட் வளைந்து, காஸ்கட் எரியும். கேம் தண்டு கீழேயே இருந்தமையால், ஹெட்டைக் கழற்றினாலும் வால்வுகளின் கால ஒழுங்கு குலையாது. தாத்தா அதனைக் கண்ணாடிப் பலகைமீது விரித்த எமரிக் கடதாசியில் தேய்த்துச் சமன்செய்து, மறுநாட் காலையிற் பூட்டிவிடுவார். வால்வு இடைவெளிக்கு ஒரு ஸ்பெனரும் திருப்புளியும் தகட்டளவியும் போதும். 128இலோ முதலில் பட்டியைக் கழற்றவேண்டும். பின்னர் இடைவெளி சரிசெய்ய, அளந்த தடிப்புடைய வட்டத் தகடுகள் வேண்டும். அத்தகடு கொழும்பிலிருந்து வரும்வரை நோயாளி காத்திருப்பாரா?

இத்தாலி கைவிட்ட அந்த எஞ்சின் பம்பாயில் நெடுங்காலம் வாழ்ந்தது. பிரீமியர் நிறுவனம் அங்கே உற்பத்தி செய்த 1100, 1970களின் நடுப்பகுதியில் பத்மினி எனப் பெயர்பெற்று, அந்நூற்றாண்டின் இறுதிவரை தொழிற்சாலையை விட்டு வந்துகொண்டிருந்தது. அந்நகர வாடகைச் சேவையிலிருந்து கடைசிப் பத்மினி விலகியது 2023 ஒக்டோபரில்.