பொதியும் பொறுப்பும்: டெபியன் இயங்குதளத்தில் மென்பொருள் பொதி மேலாண்மையின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

லினக்ஸ் கருநிரலை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளங்கள், உலகெங்கும் தனித்தனியே எழுதப்பட்ட பல்லாயிரம் மென்பொருள்களை ஒன்றிணைத்து உருவாக்கப்படுகின்றன. அவ்வாறு ஒன்றிணைப்பதற்கான அலகே ‘பொதி’ எனப்படுகிறது. பொதி, கோப்புகளைக் கட்டி அனுப்பும் தொழில்நுட்ப வடிவமாக இருப்பதோடு, யார் எதற்குப் பொறுப்பு என்பதைப் பதிவுசெய்யும் ஆவணமாகவும் விளங்குகிறது என்பதை, 1993-இல் தொடங்கப்பெற்ற டெபியன் திட்டத்தின்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 2008, 2024 ஆகிய ஆண்டுகளில் வெளிப்பட்ட இரு பாதுகாப்புச் சிக்கல்கள் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், டெபியன், பொதி மேலாண்மை, பராமரிப்பாளர், சார்பு.

முன்னுரை

கருநிரல் மட்டும் இயங்குதளம் ஆகிவிடாது. கோப்புகளைப் படியெடுக்கவும் சுருக்கவும் தேடவும் உதவும் பயன்கருவிகள், நிரல்பெயர்ப்பிகள், நிரல் நூலகங்கள் ஆகியன சேர்ந்தே அது முழுமை பெறுகிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டம் இக்கருவிகளுள் பலவற்றை உருவாக்கியது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல் அவற்றோடு இணைந்தது. இவ்வகை இயங்குதளத்தில் மென்பொருளை எழுதியவர் வேறு; தொகுத்தவர் வேறு; பயன்படுத்துபவர் வேறு. கட்டற்ற மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் எழுதியவர்களையும் உரிமங்களையும் மையமிட்டே சொல்லப்படுகிறது. இடையில் நிற்கும் தொகுப்பாளரின் பணி போதிய கவனம் பெறுவதில்லை. அப்பணியே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருளாகும்.

பொதிக்கு முந்தைய நிலை

தொடக்கக்கால லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலும் தனியொருவரின் உழைப்பால் உருவானவை. 1992-இல் பீட்டர் மெக்டொனால்டு வெளியிட்ட எஸ்.எல்.எஸ். என்னும் வழங்கல் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. அதனைத் திருத்தி, பேட்ரிக் வோல்கர்டிங் 1993-இல் ஸ்லாக்வேரை வெளியிட்டார். ஸ்லாக்வேரில் பொதிகள் இருந்தன. எனினும், ஒரு மென்பொருள் இயங்க வேறு எவையெவை தேவை என்னும் செய்தி அப்பொதிகளில் இடம்பெறவில்லை. அதனை அறிந்து நிறைவுசெய்வது பயனரின் பொறுப்பாகவே இருந்தது.

பர்டியூ பல்கலைக்கழக மாணவரான இயன் மர்டாக், எஸ்.எல்.எஸ். வழங்கலின் குறைகளால் நிறைவின்மையுற்று, 1993 ஆகஸ்ட் 16 அன்று டெபியன் திட்டத்தை அறிவித்தார். அவர் எழுதிய கொள்கை அறிக்கை, வழங்கலைத் தொகுப்பது எளிதான பணியன்று என்றும், அது பலர் கூடித் திறந்த முறையில் செய்யவேண்டியது என்றும் வலியுறுத்தியது. தொகுத்தல் தனித்த பணியாக அடையாளம் காணப்பட்டது இங்கு நோக்கத்தக்கது.

டிபிகேஜி: பொறுப்பைப் பதிவுசெய்தல்

பலர் கூடித் தொகுக்கவேண்டுமெனில், ஒருவர் செய்த பொதி மற்றொருவரின் பொதியைச் சிதைக்காதிருக்க வேண்டும். இத்தேவையிலிருந்து எழுந்ததே டிபிகேஜி என்னும் கருவி. 1994-இல் மர்டாக் இதன் முதல் வடிவத்தை எழுதினார். பின்னர் அது பெர்ல் மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதன் முதன்மைப் பகுதிகளை இயன் ஜாக்சன் சி மொழியில் மீண்டும் எழுதினார்.

டெபியன் பொதி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் இரு பகுதிகள் இருப்பதைக் காணலாம். ஒன்று, கணினியில் நிறுவப்படவேண்டிய கோப்புகள். மற்றொன்று, அப்பொதியைப் பற்றிய செய்திகள். பின்னதில் பொதியின் பெயர், பதிப்பு எண், அது சார்ந்திருக்கும் பிற பொதிகள், பராமரிப்பாளரின் பெயர் ஆகியன எழுதப்பட்டிருக்கும். மேலும், ஒவ்வொரு பொதியோடும் ஒரு மாற்றக் குறிப்பேடு வருகிறது. எந்த நாளில், யார், என்ன மாற்றம் செய்தார் என்பதை அது வரிசைப்படுத்துகிறது. இயங்குதளத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இக்குறிப்பேடுகள் முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன.

1995 மார்ச் மாதம் வெளிவந்த 0.93 பதிப்பின் ஐந்தாம் வெளியீட்டில், உருவாக்குநர் ஒவ்வொருவரும் தத்தம் பொதிகளைப் பராமரிக்கும் முறை நிலைபெற்றிருந்தது. 1996 ஜூனில் வெளியான 1.1 பதிப்பில் 474 பொதிகள் இருந்தன. 2023 ஜூனில் வெளியான 12-ஆம் பதிப்பில் அவற்றின் எண்ணிக்கை 64,419. பொறுப்பைச் சிறு அலகுகளாகப் பகுத்து, அவ்வலகுகளுக்கிடையிலான உறவை எழுத்தில் வைத்ததே இவ்வளர்ச்சியைச் சாத்தியமாக்கியது எனலாம்.

ஆப்ட்: சார்புகளைப் பின்தொடர்தல்

டிபிகேஜி, தேவைப்படும் பொதி இல்லையெனில் அதனைச் சுட்டிக்காட்டும். தானே தேடிக் கொணராது. இக்குறையை நிறைவுசெய்த ஆப்ட் என்னும் கருவி, 1999 மார்ச்சில் வெளியான 2.1 பதிப்பில் இடம்பெற்றது. பயனர் ஒரு பொதியின் பெயரைக் கூறினால், அது சார்ந்திருப்பவற்றையும், அவை சார்ந்திருப்பவற்றையும் கண்டறிந்து, களஞ்சியத்திலிருந்து பெற்று, உரிய வரிசையில் நிறுவுதல் இதன் பணி.

இவ்வசதி ஒரு புதிய நிலையையும் தோற்றுவித்தது. பயனர் ஒன்றைக் கேட்க, தாம் பெயரே அறியாத பலவற்றை உடன் பெறுகிறார். எனவே, களஞ்சியத்திலிருந்து வருவது உண்மையானதுதானா என்பதைச் சரிபார்க்கும் தேவை எழுந்தது. 2007 ஏப்ரலில் வெளியான 4.0 பதிப்பு முதல், களஞ்சியத்தின் மின்கையொப்பத்தை ஆப்ட் சரிபார்க்கலாயிற்று. வழியில் எவரும் பொதியை மாற்றவில்லை என்பதற்கு இக்கையொப்பம் சான்று. ஆனால், பொதிக்குள் இருப்பது பழுதற்றது என்பதற்கு அது சான்றாகாது. இவ்வேறுபாட்டை அடுத்துவரும் இரு நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

2008: திருத்தத்தால் நேர்ந்த பிழை

ஓபன்எஸ்எஸ்எல் என்பது தகவல்களை மறைகுறியாக்கப் பயன்படும் நிரல் நூலகம். டெபியனில் அதனைப் பராமரித்தவர், பிழை கண்டறியும் கருவி ஒன்று எழுப்பிய எச்சரிக்கையை நீக்கும் பொருட்டு, 2006-இல் மூலநிரலின் சில வரிகளைச் செயலிழக்கச் செய்தார். மூல உருவாக்குநர்களிடம் அவர் முன்னதாகவே வினவியிருந்தார். தெளிவான மறுப்பு வரவில்லை. அவ்வரிகளுள் ஒன்று, திறவுகோல்களை உருவாக்கத் தேவையான தற்போக்கு எண்களுக்கு அடிப்படையாக இருந்தது. அது நீங்கியபின், இயங்கும் செயல்முறையின் வரிசை எண் மட்டுமே மாறும் கூறாக எஞ்சியது. அவ்வெண் 32,768-க்கு மிகாது. எனவே, ஒரே வகைக் கணினியில் ஒரே நீளத்தில் உருவாகும் திறவுகோல்களை முன்கூட்டியே பட்டியலிட்டுவிட முடியும் என்னும் நிலை ஏற்பட்டது. 2008 மே 13 அன்று இக்குறை அறிவிக்கப்பட்டது. டெபியனையும் அதன்வழி வந்த உபுண்டு முதலியவற்றையும் பயன்படுத்தியோர் திறவுகோல்களைப் புதிதாக உருவாக்க நேர்ந்தது.

சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இந்நிகழ்வு புதிதன்று. பொருள் விளங்காத பாடத்தைப் பிழையெனக் கருதிப் பதிப்பாசிரியர் திருத்த, அத்திருத்தமே பிழையாகிவிடுவது உண்டு. மூலத்துக்கும் படிப்பவர்க்கும் இடையில் நிற்பவரின் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை இரு துறைகளும் ஒருங்கே காட்டுகின்றன. எனினும் டெபியனில் அத்திருத்தம் பெயரோடும் நாளோடும் பதிவாகியிருந்தது. ஆகவே, குறையின் தோற்றுவாயைச் சுட்ட முடிந்தது. குறைகளை மறைப்பதில்லை என 1997-இல் ஏற்ற சமூக ஒப்பந்தத்தின்படி, அது வெளிப்படையாகவும் அறிவிக்கப்பட்டது.

2024: நம்பிக்கையைக் குறிவைத்த தாக்குதல்

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் பயன்கருவி. ஜியா டான் என்னும் பெயரில் இயங்கிய ஒருவர், சில ஆண்டுகள் அதற்குப் பங்களித்து, இணைப் பராமரிப்பாளர் நிலையை அடைந்தார். 2024-இல் அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மறைவழி ஒன்று புகுத்தப்பட்டது. மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டு அதனை வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைக் கவனித்ததே அவருடைய கண்டுபிடிப்புக்கு வழிகோலியது. டெபியனின் சோதனைநிலைக் களஞ்சியங்களை அப்பதிப்புகள் எட்டியிருந்தன. நிலைத்த பதிப்பை எட்டவில்லை.

பொதி வரலாற்றின் நோக்கில் இங்கு இரு செய்திகள் முதன்மை பெறுகின்றன. முதலாவதாக, எஸ்எஸ்ஹெச் சேவையின் மூலநிரல் எக்ஸ்இசட் நூலகத்தைச் சார்ந்ததன்று. சிஸ்டம்டியுடன் இணைந்து இயங்குவதற்காக வழங்கல்கள் தாமே சேர்த்த திருத்தத்தின் வழியாகவே அச்சார்பு உருவாயிற்று. இரண்டாவதாக, மறைவழியைப் புகுத்தும் நிரல், தான் டெபியன் பொதியாகவோ ஆர்பிஎம் பொதியாகவோ கட்டப்படுகிறதா எனச் சோதித்த பின்னரே செயல்பட்டது. தாக்கியவர் குறிவைத்தது தனிப்பயனரை அன்று, தொகுக்கும் இடத்தையே என்பது இதனால் தெளிவாகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. டெபியனின் வளர்ச்சிக்குக் கருவிகளின் திறன் மட்டும் காரணமன்று; பொறுப்பைப் பகுத்து எழுத்தில் பதிவுசெய்த முறையும் காரணமாகும். சார்புகளைத் தானே நிறைவுசெய்யும் வசதி வளர வளர, பயனர் அறியாமலே நம்பவேண்டியவர்களின் எண்ணிக்கையும் வளர்ந்தது. 2008-இல் நேர்ந்தது நல்லெண்ணத்தின் பிழை. 2024-இல் நேர்ந்தது வஞ்சகம். இரண்டும் கையொப்பச் சரிபார்ப்பைக் கடந்து சென்றவை.

ஒரே மூலநிரலிலிருந்து எவர் கட்டினாலும் ஒரே பொதி கிடைக்கவேண்டும் என்னும் முயற்சி 2013 முதல் டெபியனில் நடைபெற்றுவருகிறது. மூலத்துக்கும் பொதிக்கும் இடையே கலப்பு நேர்ந்தால் அதனை இது வெளிப்படுத்தும். மூலமே கறைபட்டிருப்பின் அதனைப் படித்தறிய மனிதரே வேண்டும். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் டெபியனின் வழிவந்ததே. ஆதலால், பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் பராமரிப்பாளர்களின் எண்ணிக்கையும் பணிச்சுமையும் நம் கல்வி நிறுவனங்களும் அக்கறை கொள்ளவேண்டிய பொருளாகும். பொதிகளைப் பயன்படுத்துவோரை உருவாக்கும் கணினிக் கல்வி, அவற்றைப் படித்துச் சரிபார்ப்போரையும் உருவாக்குதல் வேண்டும்.